வைத்திலிங்கோன்

கப்பலில் வந்த பாட்டனின் பெயர் வைத்திலிங்கம்.
கரையில் குறித்துக்கொண்ட பிரெஞ்சுக்காரன்
வாலை மட்டும் மாற்றிப் போட்டான்.
"யானை இல்லை, பல்லக்கு இல்லை,
ஒரு பேனா வழுக்கியதில் கோன் ஆகிவிட்டோம், பார்!"
ஒவ்வொரு கல்யாணத்திலும் தாத்தா சொல்வார்,
அதே இடத்தில் நிறுத்தி,
அதே இடத்தில் தானே முதலில் சிரித்து.
அவர் தம்பியின் தாளில் பெயர் இன்னொரு விதம்:
வெத்திலிங்கா.
"அவன் வெற்றிலை. நான் அரசன்."

சூயாக்கில் முப்பத்தொரு வருஷம்
பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவாளர்.
ரப்பர் முத்திரையை வாயருகே கொண்டுபோய்
'ஹா' என்று ஊதித்தான் அடிப்பார்.
மைப்பெட்டி பக்கத்திலேயே திறந்திருக்கும்.
அரசாங்க மைக்கு உயிர் கிடையாதாம்.
அந்த ஊர்க் காகிதங்களில் எல்லாம்
கொஞ்சம் கிராம்பு வாசம்;
திங்கட்கிழமைகளில் ரம்.

கெர்வேஸ் புயல் கூரையைப் பிடுங்கிய இரவில்
பதிவேடுகளை மேசை விரிப்பில் சுற்றி
அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.
கதவு போயிற்று, நாற்காலிகள் கடலுக்குப் போயின.
விடிந்து தேடி வந்தவர்களிடம் சொன்னாராம்:
"உங்கள் எல்லோரையும் ராத்திரி முழுக்க
அடைகாத்தேன். ஒருத்தனும் குஞ்சு பொரிக்கவில்லை."

சனிக்கிழமை அரை நாள்.
ஷாம் தெ மார்ஸ் மைதானத்தில் குதிரைகள் ஓடும்.
பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில்
தொப்பியை மாட்டிக்கொண்ட தாத்தாவின் முன்னால்
ஒரு மீன்காரர், கையில் மகள்.
மாமியார் ஒரு பெயர், மனைவி ஒரு பெயர்,
அவருக்கோ இரண்டும் மறந்துவிட்டது.
தாத்தா பந்தயத் தாளைப் பிரித்தார்.
நாலாவது ஓட்டம்: பெல் ஓரோர்.
பாதியை வெட்டிப் பிள்ளைக்கு வைத்தார்,
முழுப் பெயரில் பத்து ரூபாய் கட்டினார்.
குதிரை கடைசி.

அவர் கணக்கில் எதுவும் மிஞ்சியதில்லை.
ஓய்வூதியத்தில் பாதி குளம்புகளுக்கு,
மீதி டோமினோ மேசையில் தோற்பதற்கு.
அம்மாவின் வளையல் ஒன்று திரும்பி வரவேயில்லை.
அதைப் பற்றி மட்டும் அவர் வேடிக்கையாகப் பேசியதில்லை.

இன்னொன்றிலும் பேசியதில்லை.
பிறப்பு எழுதிய வாரமே அதே பெயருக்கு
இறப்பும் எழுத நேர்ந்தால்
முத்திரையை ஊதமாட்டார்.
அன்றைக்கு மட்டும் மையில் தொட்டு,
சத்தம் வராமல் அழுத்தி எடுப்பார்.
பிறகு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு
அந்தத் தகப்பனோடு பஸ் நிறுத்தம் வரை
குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்,
வெயிலோ மழையோ இல்லாத நாளிலும்.

கிழங்கள் செத்தால் பலமாக ஊதுவார்:
"முழு டிக்கெட்டுக்கும் பயணம் போனவர்!"

செவ்வாய்க்கிழமை அவருடைய தாள்களோடு போனேன்.
அதே ஜன்னல், புதுக் கம்பி,
க்ரி க்ரி பக்கமிருந்து அதே உப்புக் காற்று.
கணினிக்கு முன்னால் ஐம்பதைத் தொடும் ஒரு பெண்.
"வயது?" எண்பத்து நான்கு.
"தொழில்?" நான் யோசித்தேன்.
அவள் யோசிக்காமல் 'ஓய்வூதியர்' என்று தட்டினாள்.
"கடைசி எழுத்து?"
"கோன்" என்றேன். குரல் உடைந்தது.
அவள் நிமிர்ந்தாள்.
"அந்தக் குதிரை கடைசியில் வந்ததாம், தெரியுமா?
அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கப்
பைநிறைய கத்தோ பிமான் வாங்கிக்கொண்டு
வீட்டுக்கே வந்தாராம் உங்கள் தாத்தா.
பாதியை அவரே தின்றாராம்."

சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை
அப்போதுதான் படித்தேன்.

அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது.
ஓரோர் முத்திரையை எடுத்தாள்.
மைப்பெட்டி பக்கத்திலேயே திறந்திருந்தது.
அவள் அதைப் பார்க்கவில்லை.
வாயருகே கொண்டுபோய்,
கன்னம் உப்ப,
வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி,
ஹா.