கைச்சுவடு

என் வேலை நாடா படிப்பது.
இருட்டறையில் கழுவி, கயிற்றில் காயவைத்து
விளக்குமேசையில் விரித்தால்
ஒரு விமானத்தின் ஒரு மணி நேரம்
பதினோரு மீட்டர் நீளம்.
உயரம் ஒரு கோடு, வேகம் ஒரு கோடு.
கீழிருந்து மூன்றாவது
விமானியின் வலக்கை.

அக்தூபா ஆற்றைத் தாண்டினால் புல்வெளி,
புல்வெளியைத் தாண்டினாலும் புல்வெளி.
நடுவே எங்கள் ஓடுதளம்.
வேலியோரம் தர்பூசணி லாரிகள் நிற்கும்,
ஓட்டுநர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.
எங்களில் யாரும் பார்ப்பதில்லை.

மற்றவர்கள் முகம் பார்த்து ஆள் சொல்வார்கள்,
எனக்குக் கோடு போதும்.
மேஜர் தொல்மச்சோவ்:
திருகு போட்டு இறுக்கிய கை.
கேப்டன் இல்கிஸ் சஃபியுலின், கஸான்காரர்:
ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்
இம்மியளவு இடப்பக்கம் சாய்ந்து, பிறகுதான் வலம்,
கதவைத் தட்டிவிட்டு நுழைபவரைப் போல.

என்னிடம் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறார்,
உணவுக்கூடத்தில்.
"உப்பு அந்தப் பக்கமா இருக்கு?"
ஆமாம் என்றேன்.

செப்டம்பர் ஒன்பது.
காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கிய நாள்.
தொல்மச்சோவ் புதிய இயந்திரத்தைச் சுழலில் விட்டார்.
வேண்டுமென்றே விடுவதுதான் சோதனை,
ஐந்து சுற்று, அப்புறம் மீட்பு.
ஆறாவதும் வந்தது. ஏழும்.
துணைவிமானத்தில் சஃபியுலின்
இரண்டாயிரம் மீட்டரில் வட்டமிட்டபடி
"குதி, க்ளெப்" என்று இரண்டு தரம் சொன்னது
ஒலிப்பதிவில் இருக்கிறது.
மற்றது என் மேசைக்கு வந்தது.

கருகிய பெட்டியிலிருந்து எடுத்த நாடாவில்
கை கடைசிவரை வேலை செய்திருந்தது.
பட்டியலில் உள்ளதை வரிசையாக,
பிறகு பட்டியலில் இல்லாத ஒன்றை.
பிறகு பன்னிரண்டு நொடி
முழு பலத்தோடு பின்னிழுப்பு.
பிறகு வெறும் படலம்.

துணைவிமானத்தின் நாடா பழுதில்லாதது.
அதே பன்னிரண்டு நொடி
அங்கும் ஒரு கை பின்னுக்கு இழுத்திருந்தது.
இழுத்தது நண்பனின் விமானத்தை.
முந்நூறு மீட்டர் ஏறியது
இவருடையது.

விசாரணைக் குழு கேட்டது:
இந்த ஏற்றம் எதனால்?
மேல்நோக்கிய காற்று, என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
ஐந்து பேர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள்.
ஐந்து பேரும் காற்றுப்பையையும் பார்த்தவர்கள்.
ஒருவரும் மறுக்கவில்லை.
அவர் பெயர் அப்போதே மாஸ்கோவுக்குப் போயிருந்ததாம்,
விண்வெளிப் பட்டியலுக்கு.
எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அங்கே அவரைச் சுழற்றினார்கள்,
காதில் குளிர்நீர் ஊற்றினார்கள்,
மௌன அறையில் பத்து நாள் பூட்டினார்கள்.
நாலாயிரம் மணி நேரம் பறந்தவருக்கு
எதையும் தொடாமல் உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள்.
கலம் தானே பறக்குமாம்.
ஏழு வருடம் காத்திருப்பு.
அதில் இரண்டு முறை வேறொருவர் போனார்.

எட்டாவது வருடம்,
நிலையத்துக்கு நூற்றெண்பது மீட்டர் இருக்கையில்
தானியங்கி கண்ணை மூடிக்கொண்டது.
செய்தித்தாளில் அதற்கு ஒரு வரி:
தளபதி கைமுறையாக இணைத்தார்.

ஆறு மாதம் கழித்து
சரிபார்க்கச் சொல்லி ஒரு சுருள் வந்தது.
பெயர் இல்லை, தேதி அழிக்கப்பட்டிருந்தது.
விரலை வைத்துக்கொண்டே போனேன்.
இம்மி இடம், பிறகு வலம்.
இம்மி இடம், பிறகு வலம்.
நானூறு கிலோமீட்டர் உயரத்திலும்
தட்டிவிட்டுத்தான் நுழைந்திருக்கிறார்.

அவர் தரையிறங்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள்.
கஸாக் புல்வெளி, சாய்வு நாற்காலி,
கழுத்துவரை கம்பளி, சுற்றிலும் தொப்பிகள்.
எல்லாரும் அவர் சிரிப்பைப் பார்த்தார்கள்.
நான் வலக்கையைப் பார்த்தேன்.
நாற்காலிப் பிடிமேல் சும்மா கிடந்தது.
அது சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.
நாடாவில் வந்திருந்தால்
'கருவிப் பழுது' என்று ஓரத்தில் எழுதியிருப்பேன்.

யாரோ ஓர் ஆப்பிளை நீட்டினார்கள்.
வாங்குமுன் அந்தக் கை
கொஞ்சம் இடப்பக்கம் போனதா,
கேமராவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்,
ஒரு தொப்பி மறைத்துவிட்டது.