எங்கே பிடிக்கிறது

கெட்டில்பெல் ஆறு, கண்ணாடி ஒன்று,
வாடகைக்கு எடுத்த படகுக் கொட்டகை.
க்டினியா துறைமுகத்தில் யாகோடாவின் குரல்
கப்பல் சங்கைவிடச் சற்று உரக்க:
இன்னும் மூணு! இன்னும் ரெண்டு!

மார்ச்சில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.
கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தாள்.
ஏப்ரலில் ஐந்தாவது ஆள்.

டிராலிபஸ் ஓட்டும் போகுமில் மட்டும் வந்துகொண்டிருந்தார்,
எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்றபடி.

ஒரு காலை அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
ரத்து செய்தால் தொண்ணூறு ஸ்வோட்டி போகும்.
விரலால் எண்ணினாள். எட்டு. ஒன்பது.
கொட்டகையில் முதன்முறையாக
அவர் மூச்சு கேட்டது.
பத்தில் அது இடறியதும் கேட்டது.

பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்:
எங்கே பிடிக்கிறது?

பிடித்திருக்கிறதா என்று
எல்லோரிடமும் கேட்டிருக்கிறாள்,
மாதக் கடைசியில், பணம் வாங்கும்போது.
இதைக் கேட்டதில்லை.

போகுமில் வலது இடுப்பைத் தொட்டார்.
பிறகு பிரேக் மிதியைச் சொன்னார்,
பனிக்காலத்தில் சரியாக மூடாத கதவை,
இரவில் எந்தப் பக்கம் புரள முடியாது என்பதை,
நடுவில் எதற்கோ தன் மகளின் விவாகரத்தை.
நாற்பது நிமிடம். ஒரு எடையும் தூக்கவில்லை.
போகும்போது பணத்தை எண்ணி வைத்தார்,
அடுத்த வாரத்துக்கும் சேர்த்து.

வியாழக்கிழமை குரல் திரும்பியது.
நின்றுபோன ஐவரில்
முதல் பெயரை அழுத்தினாள்.
கடல்காகம் ஒன்று தகரக் கூரையில் நடந்தது.
"ஹலோ" என்றது மறுமுனை.

அவள் உடனே பேசவில்லை.