மருந்துக்குக் கூட

எங்கள் ஊர்க் கடையில்
மருந்துக்குக் கூட ஒரு பச்சை இலை கிடையாது,
போன ஜூன் வரை.
சிகரெட், லாட்டரி, பொரித்த கோழி,
மூன்று நிறத்தில் சோடா.
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒற்றை வாழைப்பழம்,
புள்ளி விழுந்தது, எழுபத்தொன்பது சென்ட்.

மிசிசிப்பி டெல்டாவின் கரிசல் மண்
குச்சி நட்டாலும் துளிர்க்கும் என்பார்கள்.
துளிர்ப்பதெல்லாம் பருத்தி, சோயா.
அவை லாரி ஏறிப் போகும்,
நாங்கள் கையசைப்போம்.

பிறகு கிளினிக்காரர்கள் ஒரு குளிர்பெட்டியை இறக்கினார்கள்.
அரை மணி நேரம் எனக்குப் பயிற்சி.
இந்தச் சீட்டு வந்தால் இந்தப் பொத்தான்.
சோளம் செல்லும், சோளப்பொரி செல்லாது.
தக்காளி செல்லும், தக்காளி சாஸ் செல்லாது.
உருளைக்கிழங்கில்
அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

முதல் சீட்டு வெர்லீன் டப்ஸுடையது.
கெளுத்தி மீன் ஆலையில்
தோல் உரிக்கும் வரிசையில் இருபத்தாறு வருஷம்.
கையுறையைக் கழற்றிய பிறகும்
விரல்கள் கத்தி பிடித்த வளைவிலேயே நிற்கும்.
இடது ஷூவின் முனையில் பஞ்சு அடைத்திருப்பதை
நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

"டாக்டர் எழுதினது" என்று நீட்டினாள்.
பெயர், பிறந்த தேதி, புழு நெளிந்த கையெழுத்து.
மருந்து: காய்கறி, பழம்.
அளவு: நாற்பது டாலர்.
மாதம் ஒரு வேளை.

மெஷின் சீட்டை விழுங்க மறுத்தது.
பதினாறு எண்களைக் கையால் அடித்தேன்,
இரண்டு தடவை.
பின்னால் ஆறு பேர், ஐஸ் மூட்டை ஒழுக.
"முட்டைக்கோஸைத் தவணையில வாங்குறாளோ?"
என்றான் ஒருவன்.
வெர்லீன் திரும்பவில்லை.
"எனக்குச் சர்க்கரை" என்றாள்
முட்டைக்கோஸிடம்.
எங்கள் பக்கத்தில் நோய்க்கும் அதே பெயர்தான்,
தேநீரில் அள்ளிப் போடுவதற்கும்.

புதன்கிழமைகளில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வகுப்பு.
ஜாக்சனிலிருந்து வரும் பெண் தட்டு ஒன்றை வரைந்து
பாதியைப் பச்சையாக்கினாளாம்.
"ஆலையில் சாப்பாட்டுக்குப் பதினோரு நிமிஷம்,
அதையும் வரை" என்றாளாம் வெர்லீன்.
அந்தப் பெண் கொஞ்ச நேரம் சும்மா நின்று,
சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு
ஆலைக்குள் என்ன விற்கிறார்கள் என்று
கேட்க ஆரம்பித்தாளாம்.
அன்றிலிருந்துதான் எல்லாரும் போகிறார்கள்.

பன்றிக்கால் போடாமல் வேகவைத்த கீரையை
டீக்கன் ஹோரஸ் ஒரு வாய் வைத்துவிட்டு
"இதற்கு அடக்கம் எப்போது?" என்று கேட்டது
ஊர் முழுக்கத் தெரியும்.

அக்டோபரில் ரத்தம் பார்க்கும் வண்டி
எங்கள் பெட்ரோல் பம்பில் நின்றது.
சிகரெட் இடைவேளையில் சும்மாதான் விரலை நீட்டினேன்.
ஒன்பது புள்ளி இரண்டு.
விண்ணப்பத்தை நிரப்பினேன். வீட்டில் இரண்டு பேர்.
வருமான வரம்பைப் பதினோரு டாலர் தாண்டுகிறேன்.
பதினோரு டாலர் வசதி படைத்தவள் நான்.

முட்டைக்கோஸ் நாலு பூஜ்யம் ஆறு ஒன்பது.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஞாயிறு இரவு வாடினதையெல்லாம்
எழுதி வைத்துவிட்டுக் குப்பையில் போட வேண்டும்.
விதி. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.
கொண்டுபோனேனா என்று யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

மார்ச்சோடு பணம் தீர்கிறது என்கிறார்கள்.
குளிர்பெட்டியை யார் எடுத்துப்போவது என்று
இப்போதே இரண்டு கடிதம் வந்துவிட்டது.

நேற்று வெர்லீன் வந்தாள். சீட்டு இல்லை.
பதினொன்றிலிருந்து எட்டரைக்கு இறங்கியதைச்
சீட்டாட்டத்தில் தோற்றவள் மாதிரிச் சொன்னாள்.
வெண்ணெய் டப்பா ஒன்றைக் கல்லாவில் வைத்து,
"வகுப்புல சொன்ன மாதிரியே செஞ்சேன்.
நல்லால்ல. தின்னு."

குளிர்பெட்டி முனகும் பக்கம் நின்று தின்றேன்.
வினிகர், வெங்காயம், மிளகாய், நாக்கில் ஒட்டாத உப்பு.
மோசமில்லை.
டப்பாவின் அடியில், இலைகளுக்குக் கீழே ஒளித்து,
மருந்துக்கு
ஒரு துண்டு பன்றிக்கால்.