இருநூற்றைம்பதும் ஒரு கூட்டலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
எனக்குப் புயல் பிடிக்கும்.
ஒட்டுசுட்டானில் இதைச் சத்தமாய்ச் சொல்ல ஏலாது,
கூரைத் தகரத்துக்குக் கல் ஏற்றுகிறவரிடம்,
ஒரு மாதப் பயிர் வயலில் நிற்கிறவரிடம்.

ஆகவே மூன்று பேரோடு நிற்கிறது:
மாங்குளத்தில் போன் திருத்தும் கஜமுகன்,
முல்லைத்தீவு ஐஸ் பக்டரியில் இரவு வேலை செய்யும் யூட்,
தபாற்கந்தோரில் முத்திரை குத்தும் நான்.
என் வளவில் மரம் மறைக்காத ஒரே இடத்தில்
கம்பியில் கட்டிய மழைமானி.
இருநூற்றைம்பது மில்லிமீற்றர் கொள்ளும்.
காலை எட்டரைக்கு அளந்து கொப்பியில் எழுதுவேன்.
சைபர் என்றாலும் எழுதுவேன்.

சித்திரையில் பின்னேரம் மூன்று மணிபோல
நெடுங்கேணிப் பக்கம் ஒரு முகில் எழும்பும்,
பூக்கோவா மாதிரித் தொடங்கி
உச்சி தட்டி, கொல்லன் பட்டடையாய் விரியும்.
கஜமுகன் யாருடைய போனையோ திறந்தபடி விட்டுவிட்டு
றோட்டுக்கு வந்து படம் பிடித்து அனுப்புவான்:
"அக்கா, இஞ்ச பார், வளர்றாள்."
முகில்கள் எல்லாம் அவனுக்குப் பெட்டைகள்.

மின்னினால் எண்ணுவோம்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு.
மூன்றுக்கு ஒரு கிலோமீற்றர்.
பங்கருக்குள் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும்
தெரிந்த கணக்கு அது.
அப்போது எண்ணிக்கை நீளவேண்டும் என்று கிடந்தோம்.
இப்போது குறையட்டும் என்று நிற்கிறேன்,
செருப்பில்லாமல், முற்றத்தில், விசரி மாதிரி.

யூட் எண்ணமாட்டான்.
மின்னலை விடிய விடியப் பார்ப்பான்,
இரண்டு விரலும் காதுக்குள்.
பக்டரி மெசின் சத்தத்தில் முழக்கம் கேளாது,
அதனால்தான் அந்த வேலை என்று
ஒருநாள் வெறியில் சொன்னான்.
மறுநாள் நாங்கள் கேட்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு தாழமுக்கம்.
மூன்று நாள் நித்திரை இல்லை.
ஒரு கணிப்பு முல்லைத்தீவுக்கு நேரே கோடு போட்டது,
இன்னொன்று கடலோடே வடக்கே கொண்டுபோனது.
ஆயிரத்து நாலு. ஆயிரத்தொன்று.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
வாடை பனைகளைப் பிடித்து உலுப்பியது.
கரண்ட் போனது. போனில் பதினொரு வீதம்.
வா, என்றேன்.
வாய்விட்டுத்தான் சொன்னேன்.

விடிய நாலு மணிக்குக் காற்று
மேற்கிலிருந்து அடித்தது.
மேற்கு என்றால் முடிந்தது;
அது எங்களை விட்டு மேலே போகிறது.
இருட்டுக்குள் எழுதி அனுப்பினேன்:
"சீ, ஏமாத்திப் போட்டுது."
கஜமுகன் அழுகிற முகமொன்று அனுப்பினான்.
யூட் நெடுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு:
"அக்கா, கடல் வாடிக்குள்ள.
மாமான்ர எஞ்சினைக் காணேல்ல. பிறகு கதைக்கிறன்."

என் வரியை அழிக்கப் போனேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.

காற்றுத்தான் போனது. மழை போகவில்லை.
முத்தையன்கட்டில் வான்கதவு திறந்தார்களாம்.
முழங்காலளவு தண்ணியில் செல்வநிதி அக்கா வந்தார்,
ஒரு கையில் கோழி, மற்றக் கையில் காஸ் அடுப்பு.
"நீ அளக்கிறனிதானே பிள்ளை,
இன்னும் எவ்வளவு வரும்?"
வந்ததைத்தான் அக்கா நான் அளக்கிறது.
சொல்லவில்லை. கோழியை வாங்கிக்கொண்டேன்.

எட்டரைக்குப் போய்ப் பார்த்தேன்.
மானி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது,
எப்போதிருந்தென்று தெரியாது.
இருநூற்றைம்பது என்று எழுதி
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டேன்.
பத்து வருடக் கொப்பியில் முதல் தடவை.
பேனை ஊறி, அந்தக் குறி மட்டும்
சிலந்தி மாதிரிப் பரவிவிட்டது.

தை பிறந்தபின் கஜமுகன்
ஐந்நூறு கொள்ளும் குழாய் ஒன்று செய்து வந்தான்.
குழி கிண்டியது யூட்.
எஞ்சின் பற்றி அவனும் பேசவில்லை,
என் வரி பற்றி நானும்.
மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு
கிழக்கே ஒருக்கால் பார்த்தான்.
"அந்தமானுக்குக் கீழ என்னமோ சுத்துது போல."
அந்தக் குரலில் இருந்தது என்னவென்று
எனக்குத் தெரியும்.
நான் போனை எடுத்தேன்.