மூன்றாவது எண்

பாடாங் செராயைத் தாண்டி
பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே திரும்பினால்
வாடைதான் வழி சொல்லும்.
செம்பனை ஆலையின் இரண்டாம் கழிவுக் குளம்.
கரையில் ஒரு கம்பம்,
கம்பத்தில் சாம்பல்நிறப் பெட்டி,
பெட்டிக்குள் எறும்புப் புற்று,
எறும்புகளுக்கு நடுவே நான் பார்க்க வந்த கருவி.

புகார் இதுதான்:
'சும்மா சும்மா கத்துது.'
மேலாளர் லிம் ஒரு மாதத்துக் குறுஞ்செய்திகளை
விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஓசையை எப்போதோ அணைத்துவிட்டதையும்
அவரே சொன்னார்.

குளத்தின் மேல் குனிந்த சென்சார்
நொடிக்கு ஒரு முறை கேட்கிறது: எவ்வளவு தூரம்?
நீர் பதில் சொல்கிறது.
நுரை பொய் சொல்கிறது.
அடியிலிருந்து வாயு கொப்பளித்தால்
அதுவும் குறுக்கே பேசுகிறது.
மதியம் ஓர் உடும்பு
அவசரமே இல்லாமல் நீந்திக் கடந்தது.
திரையில் குளம் ஒன்பது சென்டிமீட்டர் உயர்ந்து
இறங்கியது.
முந்நூற்றுப் பதின்மூன்று.

சராசரி: பத்து நொடி.
யார் வைத்தது, ஏன் வைத்தது, குறிப்பில் இல்லை.
ஐந்து நிமிடமாக்கினேன்.
முந்நூறு பதில்களுக்குள்
உடும்பு கரைந்துவிடும். நுரையும்.
ஒரு கனத்த மழையின் முதல் ஐந்து நிமிடமும்
கரைந்துதான் போகும்
என்று தோன்றியபோது விரல் நின்றது.
சராசரி என்பது பொறுமை.
கொஞ்சம் காது மந்தமும்தான்.

எதிர்த் தாமானில் கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள்.
'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்.'
பதில் சொல்ல யாரும் இல்லாத கேள்வி
குளத்தைத் தாண்டி வருகிறது.

அடுத்த பக்கம்: யாருக்குச் சொல்வது.
நான்கு இடங்கள்.
முதல் எண் லிம், அடுத்தது ரொஸ்லி,
நான்காவது காலி.
மூன்றாவதை ரொஸ்லி கண் சுருக்கிப் பார்த்தான்.
'ஓ, சீலன். ஆள் குறைப்பில் போனவர்.
ரெண்டு வருஷம் இருக்கும்.'

அழிப்பதற்கு முன் அழைத்தேன்,
அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.
பாசீர் கூடாங் கிடங்கு ஒன்றிலிருந்து எடுத்தார்.
ஃபோர்க்லிப்ட் பின்வாங்கும் பீப் பீப்.
ஆலையின் பெயரைச் சொன்னதும்
'ரெண்டாம் குளமா?' என்றார்.

'பத்து நொடி நான் வெச்சதுதான்.
முன்னே அரை மணி இருந்துச்சு.
ஒரு தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி,
சராசரி ஏறி வர்றதுக்குள்ள
தண்ணி கரையைத் தாண்டி ஓடைக்குப் போயிருச்சு.
விடிஞ்சா மீனெல்லாம் வயித்தக் காட்டிக்கிட்டு.
அறிக்கையில கையெழுத்து என்னோடது.
உடும்புக்குக் கத்தினாலும் பரவால்லன்னு
பத்து வெச்சேன்.'

நான் ஐந்து நிமிடம் என்றேன்.
கொஞ்ச நேரம் பீப் பீப் மட்டும்.
'ரெண்டு வையுங்க.'

இரண்டு வைத்தேன்.
எச்சரிக்கை எல்லையை நான்கு சென்டிமீட்டர் இறக்கினேன்.
அடங்கும் புள்ளியை அதற்கும் கீழே வைத்தேன்,
விளிம்பில் நின்றுகொண்டு
கத்தி அடங்கி, அடங்கிக் கத்தி
யாரையும் வதைக்காமல் இருக்க.

'உங்க நம்பரை எடுத்துரட்டுமா?'
'எடுத்துருங்க. வீட்டுல திட்டு.
விடிகாலை மூணு மணிக்குக் கத்தும்.
பாடாங் செராயில மழைன்னு சொல்லிட்டுப்
புரண்டு படுப்பேன்.
இங்க வேர்த்துக் கொட்டும்.'

எடுத்தேன். அந்த இடத்தில் என் எண்ணைப் போட்டேன்.
ஒப்பந்தத்தில் அது கிடையாது.
சோதனைச் செய்தி அனுப்பினேன்:
என் பையிலேயே ஒரு நடுக்கம்.

பதினாறு நாளில் மூன்றே அலாரம்.
மூன்றும் மழை.
மூன்றுக்கும் ரொஸ்லி பம்பைப் போட ஓடினான்.
லிம் ஓசையைத் திறந்தாரா, தெரியாது.
உடும்பு தன்பாட்டுக்குப் போய்வருகிறதாம்.

பதினேழாம் இரவு
சுங்கை பட்டாணியில் என் கூரைத் தகரமே பேசவிடவில்லை.
மடிக்கணினித் திரையில் குளம் ஏறிக்கொண்டிருந்தது,
எழுபத்தொன்று, எழுபத்திரண்டு விழுக்காடு,
எல்லைக்கு இன்னும் மூன்று.
கைப்பேசி ஒளிர்ந்தது.
குளம் இல்லை.
அழித்த எண்.

'தங்கச்சி,
அங்க மழையே இல்லியா?'