இருநூற்றுப் பதினோராம் பக்கத்து அடிக்குறிப்பு

என் புத்தகத்தில் யானை இல்லை.
முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.
தயாரிப்பாளர் பணிவாகக் குறித்துக்கொண்டார்.
மறுவாரம் வந்து இறங்கியது யானை,
லாரியில் நின்றபடி பினாங்குப் பாலம் கடந்து.

பதினாறு வருடம் அந்தப் புத்தகத்துக்கு.
ஒரு சுண்ணாம்புக் காளவாயின் கூலிக் கணக்கேடு,
கரையான் தின்றது போக ஒன்பது தாள்.
கடல் கடத்தி அனுப்பப்பட்ட கைதிகள்;
பெயர்கள் குறைவு, எண்கள்தாம்.
218. ஆடு திருடியவன். செங்கல் சுமந்தான்.
அவனுக்கு மொத்தம் மூன்று வரி.
மூன்று வரிக்கு ஓர் அத்தியாயம் எழுதினேன்,
'கற்பனை சற்று அதிகம்' என்றார் மதிப்புரைக்காரர்.
பாவம், ஹாலிவுட்டை அவர் பார்த்ததில்லை.

இப்போது 218க்கு வாள் உண்டு,
ஆளுநர் மகளோடு காதல் உண்டு,
எண்ணெய் தடவிய வயிற்றில் எட்டு மடிப்பு உண்டு.
ஆட்டை அவன் திருடவில்லையாம்,
விடுவித்தானாம்.

"டாக்டர் லோசனி, இங்கே பனி பெய்யுமா?"
இயக்குநர் ஹென்ட்ரிக், நல்ல மனிதர்.
"பினாங்கு மலையில் ஸ்வெட்டர் விற்கிறார்கள்" என்றேன்.
அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.
இரண்டு லாரி நுரை.

ஆர்மீனியன் தெருவில் வைக்கோல் பரப்பி,
ஏர்கான் பெட்டிகளுக்குச் சாக்குப் போர்த்தி,
ஒன்றரை நூற்றாண்டு பின்னுக்குத் தள்ளினார்கள்.
மீ கோரெங் வண்டி மட்டும் நகரவில்லை.
"சட்டி காய்ந்துவிட்டது" என்றார் ஆ சூன்,
"எந்த நூற்றாண்டானாலும் ஏழு ரிங்கிட்."

கைதிகளாக நடிக்க
பிறை தொழிற்பேட்டையிலிருந்து
பஸ் வைத்து நாற்பது பேர்.
காலில் பிளாஸ்டிக் சங்கிலி,
நாளுக்கு எண்பது வெள்ளி, பொட்டலச் சோறு.
யானைக்குத் தனிக் கூடாரம், இரண்டு மின்விசிறி.

செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி.
ஒன்பதாவது முறை செங்கல் சுமந்தாயிற்று.
செங்கல் தெர்மாக்கோல்; வெயில் அசல்.
வரிசையை விட்டு ஒருவர் வந்தார்,
அர்ச்சுனன் த/பெ சின்னையா,
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்.
"பாஸ், அரைநாள் லீவு கிடைக்குமா?
பொண்ணுக்கு இன்னைக்குத்தான் கிளினிக்ல தேதி."
முடியாது. காட்சியின் தொடர்ச்சி கெட்டுவிடும்.
உதவி இயக்குநர் தன் அட்டையில் எழுதிக்கொண்டாள்,
எட்டிப் பார்த்தேன்:
நாற்பதாம் ஆள், அரைநாள் கேட்டார், இல்லை.

அத்தனை சத்தத்திலும் எனக்குக் காது அடைத்தது.
பக்கம் 211, அடிக்குறிப்பு ஆறு,
அந்த மூன்று வரியில் மூன்றாவது:
'218 அரைநாள் கேட்டான். மறுக்கப்பட்டது.'
எதற்குக் கேட்டான் என்று ஏட்டில் இல்லை.
எத்தனை ஆவணக் காப்பகம், எத்தனை தும்மல்,
காய்ச்சலா, கடிதம் எழுதவா,
சும்மா கடலைப் பார்த்து உட்காரவா,
கடைசிவரை கிடைக்கவில்லை.
இவர் காரணத்தோடு கேட்கிறார்,
அதை எழுதிக்கொள்ள அட்டையில் கட்டமே இல்லை.
கேமரா அந்நேரம்
யானையின் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தது.

கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பினேன்:
'வரலாற்று ஆலோசகர்'.
நான்கு வாரத்தில் யாரும் என் ஆலோசனையைக் கேட்டதில்லை.
நேரே போய்ச் சொன்னேன்:
"ஹென்ட்ரிக், ஒரு பிழை.
ஏட்டின்படி அன்று பிற்பகல் முப்பத்தொன்பது பேர்தான்."

ஏட்டில் அப்படி ஒன்றும் இல்லை.
வாழ்நாளில் நான் இட்டுக்கட்டிய ஒரே ஆதாரம் அது.
நெற்றியில் வியர்வை கண்டு
உண்மையின் உணர்ச்சி என்று நினைத்தார்.
"முப்பத்தொன்பது!" என்று கத்தினார் ஒலிபெருக்கியில்,
"துல்லியம் முக்கியம், நண்பர்களே!"

அர்ச்சுனன் சங்கிலியைக் கழற்ற மறந்து
யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பின்னால் ஏறினார்.
கொம்தார் பக்கம் திரும்பும்வரை
கடகடவென்று தார்ச்சாலையில் அது பேசிக்கொண்டே போனது.

படம் வந்தது. பெயர்ப்பட்டியலில்
யானைக்கு அடுத்து நான், 'லோஷன்' என்று.
பனியில் 218 முத்தமிடும்போது
என் வரிசையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள்.
ஒரு பத்திரிகை மட்டும் கடுமையாகத் திட்டியது,
முதலிலிருந்து கடைசிவரை பொய்யாம்;
ஒன்றைத் தவிர என்றது:
கைதிகளின் எண்ணிக்கையில்
படக்குழு காட்டியிருக்கும் நேர்மை
பாராட்டத்தக்கது.