வடிதாளின் எடை

முப்பத்தெட்டாம் தெரு, மூன்றாம் மாடி.
டோ தின் தின் ஏயின் பால்கனிக் கம்பியில்
என் பம்பைக் கட்டியிருக்கிறேன்.
பக்கத்தில் தெருவரை தொங்குகிறது அவருடைய கயிறு,
நுனியில் ஒரு கிளிப், ஒரு மணி.
விடிந்ததும் மொஹிங்காவும் பேப்பரும்
அதில் ஏறி வரும்.
என் பம்பில் ஏறி வருவது
தெரு.

தாள் சின்ன வட்டம்.
காலையில் நிறுத்தபோது
நூற்று நாற்பத்தொன்று புள்ளி இரண்டு மில்லிகிராம்.
இடுக்கியால்தான் தொட வேண்டும்.
விரல் பட்டால் என் வியர்வையும்
ரங்கூனின் கணக்கில் சேர்ந்துவிடும்.

கீழே மகாபந்துலா சாலை.
வண்டி ஓடுவது வலப்பக்கம்,
ஸ்டியரிங்கும் வலப்பக்கம்,
ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்தவை எல்லாம்.
ரகுபதி அண்ணனின் புரோபாக்ஸும் அதில் ஒன்று.
சாவி போட்டதும் ஒரு பெண் குரல்
மிகுந்த மரியாதையோடு
ஜப்பானிய மொழியில் எதையோ எச்சரிக்கும்.
ஒன்பது வருடமாக.
என்னவென்று அவர் யாரையும் கேட்டதில்லை.

அதன் வயிற்றிலிருந்த புகைவடிப்பானை
போன மழைக்காலத்தில் விற்றுவிட்டார்.
"உள்ள பிளாட்டினம் இருக்காம்"
என்று சொன்னவர்
தாலிக்கொடியை அடகு வைத்தவர்போல்
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்று மாத வாடகை ஆச்சு.
அந்த இடத்தில் இப்போது வெறும் குழாய்.
அதன் இருமலை
மூன்று மாடி உயரத்திலும் எனக்குத் தெரியும்.
சிக்னலில் நிற்கிறார். நேரம் குறிக்கிறேன்.
பெயர் குறிக்கப் பாரத்தில் இடமில்லை.

நான்கு இருபதுக்குக் கரண்ட் போனது.

பம்பு ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
சிக்னலும் அணைந்தது.
நாலா பக்கத்து வண்டிகளும் நடுவில் வந்து
மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.
எவரும் இன்ஜினை அணைக்கவில்லை,
உள்ளே ஏசி ஓட வேண்டுமே.
நடைபாதையில் ஜெனரேட்டர்கள்
ஒவ்வொன்றாய்க் கனைத்து எழுந்தன.
டோ தின் தின் ஏய்
கொடியிலிருந்த லோஞ்சிகளை அள்ளிக்கொண்டு
உள்ளே ஓடினார்.
எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த்தொட்டி முதலில் மறைந்தது.
பிறகு ஆறாம் மாடி.
பிறகு, பகோடா இருந்த திசை.
நாக்கில் ஆணியைச் சப்பிய ருசி.

என் பம்பு தூங்கியது,
ஆறு மணி நேரம், நான்கு நிமிடம்.

மறுநாள் காலை
தாளை டப்பாவில் வைத்துப் படி இறங்கி
தெருவில் நின்றபோது
தலைக்கு மேல் மணி அடித்தது.
கயிறு இறங்கி வந்தது.
கிளிப்பில் ஒரு துணி,
பால்கனிக் கம்பியைத் துடைத்த துணி,
தார் பூசியதுபோல்.
"இதையும் நிறுத்துப் பாரு!"
மேலே டோ தின் தின் ஏயின் பல்
வெற்றிலைச் சிவப்பில் சிரித்தது.
இடுக்கி பையில் இருந்தது.
கையாலேயே வாங்கினேன்.

ஆய்வகத்தில்
தாளின் எடை கூடியிருந்தது
ஒன்று புள்ளி ஒன்று மில்லிகிராம்,
ஒரு கொசுவில் பாதி.
"இருபத்துநாலால வகு" என்றார் ஊ வின் ஸோ.
பம்பு ஓடியது பதினெட்டு மணி நேரம்கூட இல்லை, சார்.
"பாரத்துல இருபத்துநாலுன்னு அச்சடிச்சிருக்கு."
வகுத்தேன்.
இந்த மாதத்தின் மிகச் சுத்தமான நாள் கிடைத்தது.

குறிப்பு என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
அதில் எழுதத் தொடங்கினேன்,
நான்கு இருபது முதல் பத்து இருபத்துநாலு வரை என்று.
சிக்னல், ஜெனரேட்டர், தண்ணீர்த்தொட்டி.
எழுத்து கட்டத்தைத் தாண்டி
ஓரத்தில் ஏறி
அடுத்த நாளின்மேலும் படர்ந்தது.
ஊ வின் ஸோ பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளை மையைத் தேடி
மேசை இழுப்பறையைத் திறந்தார்.

சாயங்காலம் அண்ணன் வண்டியில்தான்
வீடு போனேன். பஸ்ஸில் கூட்டம்.
சாவி திரும்பியதும் அந்தப் பெண்
மரியாதையாக எச்சரித்தாள்.
"சரி" என்றேன் நான்.
அண்ணன் திரும்பிப் பார்த்தார்.
"யார்கிட்ட?"

மடியில் பாலிதீன் பை,
அதற்குள் துணி.
இன்னும் நிறுக்கவில்லை.